படத்தை மறைத்தால் கதை நின்றுவிடுகிறதா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. மிருகக் கதைப் புத்தகங்களைக் கடகடவென்று வாசிக்கிறான். ஆனால் படத்தைக் கையால் மறைத்தால் ஒரு வரிகூட வரவில்லை. பள்ளி மூலமாக ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகம் வாங்கினோம். பேசும் மிருகங்களை ஓரம்கட்டிவிட்டுப் பாடநூலை மட்டும் படிக்கவைக்கலாமா?

பதில்: வேண்டாம். நரி பேசுவதால் எந்தக் குழந்தைக்கும் வாசிப்பு தடைப்படுவதில்லை. உங்கள் மகன் கதையை மனப்பாடமாகச் சொல்கிறான், அவ்வளவுதான். அதுவும் நல்ல தொடக்கமே. அவனுக்குப் புத்தகம்தான் பொருந்தவில்லை.

ஒரு முயல் நிலாவின் மேல் படுத்திருக்கும் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகத்தில் 'முயல் நிலா மீது படுத்தது' என்றிருக்கும். இன்னொன்றில் 'குறும்புக்கார முயல்குட்டியானது பளபளக்கும் வெண்ணிலாவின்மீது ஒய்யாரமாகச் சாய்ந்துகொண்டிருந்தது' என்றிருக்கும். கற்பனை இரண்டிலும் ஒன்றுதான். இரண்டாவதைப் பார்க்கும் பிள்ளை எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்து ஊகிக்கும். வேறென்ன செய்யும்? தமிழில் கு, சு, மு, து நான்கிலும் உகரம் ஒன்றே, வடிவமோ நான்கு விதம். 'மே' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இதையெல்லாம் பழகிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு சின்ன வாக்கியம் போதும். நரி, புலி, அணில், மயில், ஆடு இவை நல்ல நாயகர்கள்.

அதற்காக ஒட்டகச்சிவிங்கியை ஒதுக்க வேண்டாம். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், பலர் இங்கே குழம்புகிறார்கள். பிள்ளைக்குப் பிடித்த மிருகம் அதுதான் என்றால், பெயர் எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை. பக்கத்துக்குப் பக்கம் அதே பெயர் வரும்போது முழுச் சொல்லாகவே கண்ணில் பதிந்துவிடும். ஆனால் கதையில் அப்படி ஒரே ஒரு கடினச் சொல்தான் இருக்கலாம். ஒட்டகச்சிவிங்கியும் காண்டாமிருகமும் வௌவாலும் சேர்ந்து விருந்துக்குப் போனால் பிள்ளை முதல் பக்கத்திலேயே களைத்துவிடும்.

இனி அந்தப் பெட்டி. பள்ளி வழியாக வந்தாலும் விற்பவர் முகவர்தான். அடுத்த முறை அட்டையில் 'வயது 4–6' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எழுத்துக்கூட்டத் தெரிந்த 4 வயதுக் குழந்தையும் உண்டு, தெரியாத 7 வயதுக் குழந்தையும் உண்டு. பளபளப்பான படத்துக்கு அவசரமாக மொழிபெயர்த்த வரிகளை ஒட்டி விற்கும் தொகுப்புகள் ஏராளம். வாங்கும் முன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தை மறைத்து, மகனை ஒரு வரி படிக்கச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரித்துக் காட்ட மாட்டேன் என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். இந்தச் சின்னச் சோதனையைப் பள்ளிகளே செய்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று பிள்ளையை அளக்கிறார்கள்!

காசு செலவழிக்காமலும் தொடங்கலாம். பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் நூல் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், 4 நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக் கதைகள் 250 சொற்களுக்குள் முடிந்துவிடும். அங்கும் மொழிபெயர்ப்புகள் உண்டு, அதனால் ஒருமுறை நீங்கள் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்களுக்கே நாக்கு தடுக்கினால் அடுத்த கதைக்குப் போங்கள்.

அப்புறம், அவன் மனப்பாடமாகச் சொல்லும் புத்தகத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். அதிலேயே ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.