மௌனப் படத்துக்கு "இசை: சாப்ளின்" எப்படி?

சுங்கை சிப்புட்டில் கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: இசைக்குறிப்பு (நோட்டு) எழுதத் தெரியாத சாப்ளினை இசையமைப்பாளர் என்று போடுவது சரியா?

சரிதான் தம்பி. மெட்டு அவருடையது. முணுமுணுத்தோ பியானோவில் தட்டியோ காட்டுவார், கூட இருப்பவர் எழுதிக்கொள்வார். 1936-இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்துக்கு அப்படி எழுதியவர்களில் ஒருவர் 23 வயது டேவிட் ராக்சின். எதிர்த்துப் பேசியதால் வேலை போய், மறுபடி அழைக்கப்பட்டவர். அந்தப் படத்து மெட்டுக்குத்தான் 1954-இல் டர்னரும் பார்சன்ஸும் வரிகள் எழுத, நாட் கிங் கோல் 'ஸ்மைல்' என்று பாடினார்.

ஆனால் 'சிட்டி லைட்ஸ்' படத்தில் ஒரு தப்பு நடந்தது. என் சின்ன வயதில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். விழுந்து விழுந்து சிரித்த எங்கள் பாட்டி, பார்வையற்ற பூக்காரப் பெண் வரும்போது மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரை அழவைத்த மெட்டு சாப்ளினுடையதே இல்லை. ஸ்பெயின்காரர் ஹோசே பாடில்யாவுடையது. பெயர் போடாததால் அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார்.

'லைம்லைட்' படத்தின் இசைக்கு 1973-இல் ஆஸ்கர் கிடைத்தபோது சாப்ளினோடு ரேமண்ட் ராஷ், லாரி ரசல் பெயர்களும் இருந்தன. பாவம், அந்த இருவரும் அப்போது உயிரோடு இல்லை.

உங்கள் குழு பாட்டுப் பதிவு செய்தால் மெட்டு யார், இசைக்கோர்ப்பு யார், வாசித்தது யார் என்று தனித்தனியாகப் போடுங்கள். தபேலாக்காரரை விட்டுவிடாதீர்கள்.