ஹிட்ச் 3,500 தாங்கும், உங்கள் வாகனம் தாங்குமா?

கேள்வி: எங்களிடம் 2021 ரொயோட்டா ராவ்-4 இருக்கிறது. எக்ஸ்எல்ஈ மொடல், ஹைபிரிட் இல்லை. கோடையில் அல்கொன்குயின் பக்கம் காம்பிங் போவோம். மச்சான் குடும்பத்தோடு சேர்ந்து பாவித்த பொப்-அப் ட்ரெய்லர் (மடித்து விரிக்கும் கூடார ட்ரெய்லர்) ஒன்று வாங்க நினைக்கிறோம். தெரிந்த ஒருவர் 3,500 இறாத்தல் தாங்கும் ஹிட்ச்சை (ட்ரெய்லர் கொழுவ வாகனத்தின் பின்னால் பூட்டும் இரும்பு) வயரிங்கோடு 600 டொலருக்குப் பூட்டித் தருகிறேன் என்கிறார். டீலரிடம் அதைப் போல் இரண்டு மடங்கு. யாரிடம் பூட்டலாம்? மச்சானிடம் ஆறு சிலிண்டர் ஹைலாண்டர் (2021, ஹைபிரிட் இல்லை) இருக்கிறது. அதிலும் ஹிட்ச் இல்லை. (அஜாக்ஸ் வாசகர்)

பதில்: யாரிடம் பூட்டுவது என்பது பிறகு. எதை இழுக்கப் போகிறீர்கள் என்று அந்தத் தெரிந்தவர் உங்களிடம் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். கேட்டால் அவருக்கு 600 டொலர் போய்விடும்.

உங்கள் ராவ்-4 இழுக்கக்கூடியது 1,500 இறாத்தல், கிலோவில் சுமார் 680. ஹிட்ச்சில் 3,500 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்த இரும்பு அவ்வளவு தாங்கும் என்றுதான் அர்த்தம். இரும்பைப் பூட்டியதும் எஞ்சினும் கியர்பொக்ஸும் பிரேக்கும் பலசாலி ஆகிவிடாது. ஹிட்ச், அதன்மேல் ட்ரெய்லரைக் கொழுவும் இரும்புக் குண்டு, ட்ரெய்லர், வாகனம் என்று நாலு இடத்தில் நாலு எண் இருக்கும். எது ஆகச் சிறியதோ அதுதான் உங்களுடைய எண்.

அந்த 3,500 எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். அதே ஆண்டு ராவ்-4இல் ‘ட்ரெய்ல்’ என்ற மொடல் 3,500 இழுக்கும். ஹைபிரிட் 1,750. உங்களுடையது 1,500. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். விளம்பரத்தில் ‘3,500 வரை’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், எந்த மொடலுக்கு என்பதைப் பொடி எழுத்தில் போடுவார்கள். ரயருக்கு எவ்வளவு காற்று அடிப்பது என்பதைக் கதவு நிலையில் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, எவ்வளவு இழுக்கலாம் என்பதையும் அங்கேயே ஒட்ட என்ன கஷ்டமோ! கையேட்டைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, 1,500க்குள் என்ன வரும்? யூ-ஹாலில் வாடகைக்குக் கிடைக்கும் 5க்கு 8 அடி மூடிய ட்ரெய்லர் காலியாகவே 900 இறாத்தல். அதற்குள் நீங்கள் 600 இறாத்தல் சாமான் ஏற்றலாம், அவ்வளவுதான். நான் பார்த்த பாவித்த பொப்-அப்களில் பெரும்பாலானவை காலியாகவே 1,500ஐத் தொட்டுவிடும். பிறகு காஸ் சிலிண்டர், தண்ணீர், பற்றரி, படுக்கை, அரிசி மூட்டை.

இதைவிடப் பலருக்குத் தெரியாதது ஒன்று. ட்ரெய்லர் கொழுவும் இடத்தில் கீழே அழுத்தும் பாரம், அதாவது டங் வெயிட், மொத்த நிறையில் 10 முதல் 15 வீதம் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆனால் அந்தப் பாரம் உங்கள் வாகனத்தில் ஏற்றிய சாமானாகவே கணக்கு. சாரதி பக்கக் கதவைத் திறந்தால் ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று இருக்கும். 400 என்று வையுங்கள். நீங்களும் மனைவியும் 150, இரண்டு பிள்ளைகள் 90, அப்பம்மா 60. முந்நூறு ஆகிவிட்டது. பின்னால் குளிர்பெட்டியும் அடுப்பும் 40 கிலோ, ஹிட்ச் இரும்பு 20. ட்ரெய்லரின் மூக்குக்கு மிச்சம் 40 கிலோ. 680 கிலோ ட்ரெய்லருக்கு ஆகக் குறைந்தது 68 வேண்டும். இனி அப்பம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போவதா?

வயரிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. உங்கள் வாகனத்துக்கென்றே செய்த பிளக் செட் கிடைக்கும். பின் விளக்கின் பிளக்கைக் கழற்றி இடையில் கொழுவுவது, பற்றரியிலிருந்து பியூஸோடு தனி வயர் இழுப்பது. ஒரு வயரையும் வெட்டத் தேவையில்லை. மலிவாகச் செய்பவர் என்ன செய்வார் தெரியுமா? விளக்கின் வயரில் நீலக் கிளிப்பை வைத்துப் பிளையரால் நசுக்கிவிட்டுப் போவார். போன வசந்தத்தில் அப்படி ஒரு வாகனம் என்னிடம் வந்தது. பிரேக் விளக்கு எரிகிறது, அணைகிறது. கிளிப்பைத் திறந்தால் ஒன்ராறியோ உப்பில் செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. பூட்டியவருக்குக் கொடுத்த 200 டொலரைப் போல் மூன்று மடங்கு அதைத் திருத்தப் போனது. 600 டொலர்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ‘வயர் வெட்டுவீர்களா?’ மழுப்பினால் வந்துவிடுங்கள். ஹிட்ச்சை வெல்டிங் பிடித்துத் தருகிறேன் என்றாலும் அப்படியே.

பாவித்த வாகனம் வாங்கும்போது ‘டோ பக்கேஜ் (ட்ரெய்லர் இழுக்கும் வசதிகள்) இருக்கு’ என்பதையும் நம்ப வேண்டாம். பின்னால் ஒரு சதுர ஓட்டை தெரிவது பக்கேஜ் அல்ல.

‘ட்ரெய்லர் வேண்டாம், சைக்கிள் ராக் மட்டும்தான்’ என்று முடிவு செய்தால் என் பதில் மாறும். அதற்கு ராவ்-4இல் தாராளமாக ஹிட்ச் போடலாம். ஆனால் அங்கும் ஒரு கணக்கு உண்டு. ட்ரெய்லரின் மூக்குப் பாரம் குண்டின்மேல், பம்பருக்குக் கிட்டவே இருக்கும். சைக்கிள்கள் இரண்டு மூன்று அடி பின்னால் தொங்கும். கையை நீட்டிக்கொண்டு அரிசி மூட்டையைப் பிடித்துப் பாருங்கள், விளங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது துள்ளும். ராக்கின் நிறையும் சேரும், அதுவே 20 கிலோ இருக்கலாம். மின்சைக்கிள் என்றால் ஒன்றே 25 கிலோ. அதனால் இரண்டு சாதாரண சைக்கிள் பிரச்சினை இல்லை. நாலு சைக்கிள் என்றால் ராக்கின் கையேட்டையும் ஹிட்ச்சின் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராக் இலக்கத்தகட்டை மறைத்தால் பொலிஸ் மறிக்கும். இறக்கிய பிறகு ராக்கைக் கழற்றி வையுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. ட்ரெய்லருக்குத் தனிப் பதிவும் தனி இலக்கத்தகடும் வேண்டும். ட்ரெய்லரை வாகனத்தோடு பிணைக்கும் சங்கிலி கட்டாயம். மொத்த நிறை 1,360 கிலோவோ அதற்கு மேலோ என்றால் ட்ரெய்லருக்கே பிரேக் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். வாகனக் கையேடு அதற்கும் குறைந்த நிறையிலேயே பிரேக் கேட்கலாம். கேட்டால் கையேடு சொல்வதைச் செய்யுங்கள். காப்புறுதிக் கொம்பனிக்கு மின்னஞ்சலில் அறிவியுங்கள், தொலைபேசியில் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராவ்-4க்கு இந்தச் செலவு வேண்டாம். மச்சானின் ஹைலாண்டர் 5,000 இறாத்தல் இழுக்கும். ஹிட்ச்சை அதில் பூட்டுங்கள், செலவைப் பாதி பாதியாகப் பிரியுங்கள். அதன் கதவு ஸ்டிக்கரையும் பார்த்து, பாரமான சாமானை உங்கள் ராவ்-4இல் ஏற்றிக்கொண்டு பின்னால் போங்கள். பொப்-அப் வாங்கப் போகும்போது குண்டு 2 அங்குலமா 1⅞ அங்குலமா என்று ட்ரெய்லரின் கொளுக்கியில் பொறித்திருப்பதைப் படமெடுத்து வாருங்கள். சின்னக் குண்டில் பெரிய கொளுக்கியும் பூட்டினதுபோல் இருக்கும், முதல் பள்ளம் வரைக்கும்.