ஒரே முத்திரை, பல நாடுகள்

ஐயா,

கோத்தகிரி அருகே யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிறோம். ஆவியைக் குளிர்விக்கும் தொட்டியில் சூடேறும் தண்ணீரையே கொப்பரைக்குத் திருப்பிவிட ஓர் அமைப்பு செய்திருக்கிறேன், விறகு மிச்சமாகிறது. இலங்கையிலும் நேபாளத்திலும் எண்ணெய் காய்ச்சுபவர்களுக்கும் இது உதவும். நாடு நாடாகக் காப்புரிமை கேட்கப் பணமில்லை. ஐரோப்பாவில் ஒரே காப்புரிமை 18 நாடுகளில் செல்கிறதாமே, தெற்காசியாவுக்கும் அப்படி வந்தால் என்ன?

சி., கோத்தகிரி

அன்புள்ள சி.,

உங்கள் ஆதங்கம் நியாயமானது. இலையைத் திணித்து மூடிய கொப்பரையின் அடியில் நாள் முழுதும் விறகு எரிவதைப் பார்த்தவர்களுக்கு உங்கள் வேலையின் அருமை தெரியும்.

ஐரோப்பாவுக்கும் அது எளிதில் வாய்க்கவில்லை. 1975இல் லக்சம்பர்க்கில் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கே வரவில்லை. எந்த மொழி, எந்த நீதிமன்றம் என்ற இழுபறி தீர்ந்து 2023 ஜூன் 1 அன்றுதான் பொதுக் காப்புரிமை தொடங்கியது. ஸ்பெயின் சேரவில்லை.

என் கவலை வேறு. ஒரே முத்திரை பல நாடுகளில் செல்லுமென்றால், தவறாகக் குத்திய முத்திரையும் அத்தனை நாடுகளிலும் செல்லும். வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. நம் விவசாயிகள் வழிவழியாக அறிந்தது அது. சூழலியலாளர் வந்தனா சிவா முதலானோர் எதிர்த்ததால் 2000இல் ரத்தானது; மேல்முறையீடு தள்ளுபடியாக 2005 ஆகிவிட்டது. ஓரிடத்தில் எதிர்த்ததே போதுமாக இருந்தது என்பது உண்மை. ஆனால் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இருக்கும் மியூனிக் வரை போய் அத்தனை ஆண்டுகள் போராட நம் மலை விவசாயி எவரால் முடியும்?

நம் காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, உரிமை வழங்கும் முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்க இடம் தருகிறது. பொது முறைக்காக இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. மருந்தையும் நினைத்துப் பாருங்கள். மிகவும் பின்தங்கிய நாடுகள் மருந்துக் காப்புரிமை தர வேண்டியதில்லை என்ற சலுகை 2033 தொடக்கம் வரை இருக்கிறது. பொது முத்திரை அதைப் பறித்துவிடலாம். ஒரு கண்டுபிடிப்பு முன்பே எங்காவது இருக்கிறதா என்று தேடும் வேலையை நாடுகள் பகிர்ந்துகொள்ளட்டும். உரிமை தருவதா என்பதை அந்தந்த நாடே, தன் மக்களின் மொழியில் ஆட்சேபம் கேட்டு முடிவுசெய்யட்டும்.

நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். முதலில் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அதிலிருந்து 12 மாதங்களுக்குள் இலங்கையிலும் நேபாளத்திலும் விண்ணப்பித்தால் சென்னையில் கொடுத்த தேதியே முன்னுரிமைத் தேதியாகும்; அதாவது, உங்கள் அமைப்பு புதியதா என்பதை அந்தத் தேதியை வைத்தே பார்ப்பார்கள். விண்ணப்பிக்கும்வரை அந்த அமைப்பை வெளியாருக்குக் காட்டாதீர்கள்.