ராணுவத்தில் சம்பள உயர்வை ஜவான்களுக்கு யார் சொல்வார்கள்?

கேள்வி: ராணுவத்தில் சம்பளம் உயர்ந்தால் அதை ஜவான்களுக்கு எப்படித் தெரிவிப்பார்கள்? அதிகாரிகள் எல்லோரையும் கூட்டிச் சொல்வார்களா, இல்லை அவர்களும் நம்மைப் போல டிவி பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்களா?

பதில்:

முதலில் தெரிவது டிவியில்தான். இப்போது அதற்கும் முன்னால் வாட்ஸ்அப். அதிகாரப்பூர்வமாகத் தெரிவது சைனிக் சம்மேளனில், அதாவது கமாண்டிங் ஆபீசர் யூனிட்டில் உள்ள எல்லோரையும் உட்காரவைத்துப் பேசும் மாதாந்திரக் கூட்டத்தில். இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடிவிடும். அந்த இடைவெளியில்தான் எல்லாக் குழப்பமும் நடக்கும்.

நான் காலாட்படையில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். மத்திய அரசு ஊழியர்களின், ராணுவத்தினரின் சம்பளத்தை மாற்றியமைக்கப் பரிந்துரைக்கும் குழுதான் சம்பளக் கமிஷன். ஆறாவது, ஏழாவது சம்பளக் கமிஷன்கள் இரண்டும் வந்தபோது யூனிட் அலுவலகத்தில் இருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரயில்வேக்காரர், தபால்காரர் போன்ற மத்திய அரசு ஊழியர்களுக்குச் சங்கம் உண்டு. சம்பளக் கமிஷன் வந்தால் சங்கத் தலைவர்கள் அரசோடு பேசுவார்கள், பேட்டி கொடுப்பார்கள், வேலைநிறுத்தம் என்று மிரட்டவும் செய்வார்கள். ராணுவச் சட்டப்படி எங்களுக்குச் சங்கம் கிடையாது. ஏழாவது கமிஷனில் நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைவர். உறுப்பினர்களில் சீருடைக்காரர் ஒருவரும் இல்லை. ஆக ஜவானுக்காக டெல்லியில் பேச வேண்டியவரும் தளபதிதான், கிடைத்ததை ஜவானிடம் வந்து சொல்ல வேண்டியவரும் அவர் வழியில் வரும் அதிகாரிதான். கிடைத்தது குறைவு என்று அவரால் பகிரங்கமாகச் சொல்ல முடியாது. நிறைய என்று சொன்னால் ஜவான் நம்ப மாட்டான்.

2016-இல் இது வெளிப்படையாகவே தெரிந்தது. ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை ஏழாவது கமிஷனுக்கு ஒப்புதல் கொடுத்தது. சிவிலியன் ஊழியர்களுக்கு ஆகஸ்ட் சம்பளத்திலேயே புதிய தொகை வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை. செப்டம்பரில் முப்படைத் தளபதிகளும் தங்கள் படைகளுக்குச் செய்தி அனுப்பினார்கள்: குறைபாடுகளைச் சரிசெய்யும்படி அரசைக் கேட்டிருக்கிறோம், அதுவரை அமலாக்கம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று. காஷ்மீரின் ஊரி ராணுவ முகாம் தாக்கப்பட்டதும் அதே செப்டம்பரில்தான். அப்புறம் தீபாவளிக்கு முன்னால், முன்பணம் மாதிரி, அன்றைய சம்பளத்தில் பத்து சதவீதம் என்ற கணக்கில் ஒரு தொகை கொடுத்தார்கள். முழுமையான ராணுவச் சம்பள விதிகள் வெளியானது 2017 மே 3 அன்று.

தளபதிகள் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். சம்பள அட்டவணையில் வருடா வருடம் ஏறும் கட்டங்கள் சிவிலியனுக்கு 40, எங்களுக்கு 24 என்று இருந்தது. கடைசியில் எங்களுக்கும் 40 ஆனது. காயம்பட்டவர்களின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்தை நிலையான தொகையாக மாற்றியிருந்தார்கள். அதுவும் பழையபடி சம்பளத்தின் சதவீதமாகவே கணக்கிடப்படும் என்று திரும்பியது. காத்திருந்ததற்குப் பலன் இருந்தது. ஆனால் அந்த எட்டு மாதங்களில் ஜவானிடம் இதையெல்லாம் யார் சொன்னார்கள்? ஊரிலிருந்து மனைவி போன் செய்து, "பக்கத்து வீட்டு அண்ணன் ரயில்வேல இருக்காரு, அவருக்கு ஏறிடுச்சே, உங்களுக்கு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டால் அவனுக்குப் பதில் தெரியாது. "மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்பதற்கு மேல் எங்கள் அலுவலகத்திலும் விவரம் இல்லை.

சரி, கடைசியில் ஒருவழியாக உயர்வு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைனிக் சம்மேளனில் மேலிடத்துக் கடிதத்தைப் படிப்பார்கள், வாழ்த்துச் சொல்வார்கள், "யாருக்காவது பாயிண்ட் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இருநூறு பேருக்கு நடுவே எழுந்து நின்று சம்பளத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் சிப்பாய் மிகக் குறைவு. கூட்டம் கலைந்ததும் நேராகக் கிளார்க்கின் மேசைக்கு வருவான். "சாப், டி.ஏ.வைக் காணோமே?" டி.ஏ. என்றால் அகவிலைப்படி, விலைவாசிக்கு ஏற்பச் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் தொகை.

அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பழைய அடிப்படைச் சம்பளத்தைப்போல 2.57 மடங்கு என்று டிவியில் சொன்னதைக் கேட்டு, கையில் வருவது இரண்டரை மடங்காகப் போகிறது என்று வீட்டுக்குச் சொல்லி வைத்திருப்பான். உண்மையில் 2015 டிசம்பரில் புதிதாகச் சேர்ந்த சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் 8,460 ரூபாய். 2016 ஜனவரி நிலவரப்படி அகவிலைப்படி 125 சதவீதம். இரண்டும் சேர்த்தால் 19,035. புதிய அடிப்படைச் சம்பளம் 21,700. அகவிலைப்படி பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. அதோடு ராணுவப் பணி ஊதியம் என்று ஒன்று உண்டு, நாங்கள் எம்.எஸ்.பி. என்போம். அது பழைய அகவிலைப்படியோடு 4,500, இப்போது 5,200. எல்லாம் கூட்டிக் கழித்தால் மாதம் 3,365 ரூபாய் அதிகம், வேறு படிகள் தனி. நல்ல தொகைதான். ஆனால் 2.57 என்று கேட்டுவிட்டு வந்தவனுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

எங்கள் யூனிட்டில் ஒரு இளம் மேஜர் கம்பெனி கமாண்டராக இருந்தார். மாலை ரோல் காலுக்குப் பிறகு கரும்பலகையைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு சிப்பாய், ஒரு நாயக், ஒரு ஹவில்தார் ஆகியோரின் பழைய பே ஸ்லிப்பை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி, மேலே நான் போட்ட கணக்கை வரி வரியாக எழுதிக் காட்டினார். ஏரியர்ஸ் எவ்வளவு வரும், அதில் வருமான வரி எவ்வளவு போகும் என்றும் சொன்னார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றார், எழுதி வைத்துக்கொண்டார், கேட்டு வந்து சொன்னார். அந்தக் கம்பெனியிலிருந்து என் மேசைக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. அவர் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை, ஒரு மாலை நேரம் செலவழித்தார். மற்ற கம்பெனிகளிலும் யாராவது செய்திருக்கலாம்.

அதிகாரிகள் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு, அதை அவர்களே சொல்ல மாட்டார்கள். உயர்வைச் சொல்கிறவருக்கும் உயர்வு வந்திருக்கிறது, அது பெரியது. எம்.எஸ்.பி. முன்பு அதிகாரிக்கு 6,000, ஜவானுக்கு 2,000. ஏழாவது கமிஷனில் 15,500, 5,200. இருவருக்கும் உயர்ந்த மடங்கு ஏறக்குறைய ஒரே அளவுதான், வித்தியாசம் மட்டும் 4,000 ரூபாயிலிருந்து 10,300 ஆகிவிட்டது. சியாச்சின் பனிமலையில் பணிபுரிவோருக்குத் தரும் படியும் அப்படியே. முன்பு அதிகாரிக்கு மாதம் 21,000, ஜவானுக்கு 14,000. 2017 ஜூலைக்குப் பிறகு 42,500, 30,000. ஜவானுக்கு இரு மடங்குக்கு மேலே ஏறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் மலை மேலே குளிர் ராங்க் பார்த்து அடிப்பதில்லையே என்று ஒருவன் கேட்டால் என்ன சொல்வது? பொறுப்பு அதிகம், பணிக்காலம் வேறு என்று விளக்கங்கள் இருக்கின்றன. அவற்றை நேருக்கு நேர் சொல்லும் அதிகாரியை ஜவான் மதிப்பான், ஒத்துக்கொள்ளாவிட்டாலும். கடிதத்தில் அந்த வரியைத் தாண்டிப் படித்துவிட்டுப் போகிறவரை மதிக்க மாட்டான்.

ஜவானுக்கும் அதிகாரிக்கும் நடுவே இருக்கும் சுபேதார் போன்றவர்களை ஜே.சி.ஓ. என்பார்கள். எங்களைப் போன்ற ஜே.சி.ஓ.க்களின் நிலைமை இன்னும் வேடிக்கை. இருபது, இருபத்தைந்து வருட சர்வீஸ் ஆன சுபேதாருக்கும் நேற்றுச் சேர்ந்த சிப்பாய்க்கும் ஒரே எம்.எஸ்.பி. அதை உயர்த்தக் கேட்டோம். 2018 டிசம்பரில் நிதியமைச்சகம் மறுத்துவிட்டது என்று பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் கேள்விக்கு நேரடி உதாரணம் வேண்டுமானால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது ஆப்ஷன் படிவத்தை நினைத்தால்தான். புதிய சம்பள விகிதத்துக்கு எந்தத் தேதியிலிருந்து மாறுவது என்று வீரரே தேர்ந்தெடுக்கலாம். ஆறாவது கமிஷன் அமலான 2006 ஜனவரி 1-க்கும் 2008-இல் உத்தரவு வந்ததற்கும் இடையில் பதவி உயர்வு பெற்றவர்களுக்கு, உயர்வு பெற்ற நாளிலிருந்து மாறுவது பெரும்பாலும் லாபம். படிவம் எழுதிக் கொடுக்காவிட்டால் ஜனவரி 1 என்றே எடுத்துக்கொள்வார்கள். எல்லைச் சாவடியில் இருப்பவனுக்கு இது எங்கே தெரியும்? காலக்கெடுவை நீட்டித்தும் பலர் விட்டுவிட்டார்கள். தன் ஜூனியரைவிடக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தோடு பலர் வருடக்கணக்கில் இருந்தார்கள், அதே தொகையை வைத்து ஓய்வூதியமும் வாங்கினார்கள். பிறகு ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போய், எது லாபமோ அதையே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கினார்கள். வழக்குப் போடத் தெரியாதவர்கள், போட மனமில்லாதவர்கள் என் பழைய யூனிட்டிலேயே இருந்தார்கள். சம்மேளனில் வாழ்த்துச் சொன்ன நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

இப்போது எட்டாவது கமிஷன். 2025 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அக்டோபர் 28 அன்று அதன் ஆய்வு வரம்புக்கு ஒப்புதல் கிடைத்தது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைவர், அறிக்கைக்குப் பதினெட்டு மாத அவகாசம். கமிஷன் வேலையைத் தொடங்கும் முன்பே 2.86 மடங்கு, இத்தனை ஆயிரம் என்று யூடியூபில் பட்டியல் போட்டுவிட்டார்கள். எங்கள் வேலூர்ப் பக்கம் டீக்கடையில்கூட அந்தப் பட்டியல்தான் பேச்சு. ரோல் காலில் ஐந்து நிமிடம் நின்று, இன்னும் எதுவும் முடிவாகவில்லை, மடங்கு எவ்வளவு என்றாலும் அதற்குள் அகவிலைப்படியும் அடக்கம் என்று ஒரு அதிகாரி சொன்னால் போதும்.

உங்கள் வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருந்தால், உத்தரவு வந்ததும் ஆப்ஷன் படிவத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இரண்டு தேதிக்கும் கணக்குப் போட்டுக் காட்டும்படி ஹெட் கிளார்க்கிடம் கேட்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம், அது அவர் வேலை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவத்தை மொபைலில் போட்டோ எடுத்து வீட்டுக்கும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.