ஹூஸ்டன் பக்கம் ஏன் பிச்சாவரம் இல்ல?

வணக்கம் சார். சிதம்பரத்துக்காரன், இப்ப ஹூஸ்டன்ல இருக்கேன். கால்வெஸ்டன் பக்கம் போனா கடலோரம் முழுக்க புல்லுதான், அங்கங்க குட்டையா சில புதர். பிச்சாவரம் மாதிரியே சேறு, உப்புத் தண்ணி, வெயிலும் கொளுத்துது. அப்புறம் ஏன் அலையாத்திக் காடு இல்ல?
செ.

அன்புள்ள செ.,

வெயில விடுங்க, அங்க விஷயமே குளிர்காலம்தான். வடக்க ஆர்க்டிக்ல இருந்து கிளம்புற காத்த குறுக்க நின்னு மறிக்க மலையே இல்ல, நேரா மெக்சிகோ வளைகுடா வரைக்கும் இறங்கிரும். நீங்க பாத்த புதர் அநேகமா கருப்பு மாங்குரோவ் (மாங்குரோவ்னா அலையாத்திதான்), அவிசென்னியா ஜெர்மினன்ஸ், நம்மூர் வெண்கண்டலுக்குப் பங்காளி. கடும் உறைபனி வந்தா மரத்துக்குள்ள தண்ணி ஏறுற குழாய்ல ஐஸ் கட்டி, அது உருகுறப்ப காத்துக்குமிழ் அடைச்சிக்கும், தண்ணி மேல போகாது, இலை கருகிரும். அங்க கடலோரம் இருக்குற ஸ்பார்ட்டினா புல்லுக்கு இந்தக் கவலை கிடையாது, மேல காஞ்சு போனாலும் கிழங்கு சேத்துக்குள்ள பத்திரமா இருக்கும், வசந்தத்துல திரும்ப முளைச்சிரும். மரத்துக்கு அப்படியில்ல, பல வருச வளர்ச்சி ஒரே ராத்திரில போச்சு.

சராசரி வெப்பநிலைய வச்சு இத புரிஞ்சிக்கவே முடியாது, எப்பவாவது வர்ற அந்த ஒரு மோசமான ராத்திரிதான் கணக்கு. ஃப்ளோரிடா கிழக்குக் கரையில 1984ல இருந்து 2011 வரைக்கும் சேட்டிலைட் படம் பாத்தாங்க, வடக்கு எல்லைப் பக்கம் மாங்குரோவ் பரப்பு ரெட்டிப்பாயிருக்கு, அது சராசரி கூடினதால இல்ல, மைனஸ் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போற நாள் குறைஞ்சதால. உங்க டெக்சாஸ்லயே 1989 டிசம்பர்லயும் 2021 பிப்ரவரிலயும் நெறைய மரம் செத்துச்சு. கருப்பு மாங்குரோவ் அடியில இருந்து தளிர் விட்டு மீளும், சிவப்பு மாங்குரோவ் கிளை செத்தா பெரும்பாலும் அவ்ளோதான்.

ஆனா எல்லாத்தையும் குளிர் தலையில கட்டாதீங்க. டெக்சாஸ் கரையில கார்பஸ் கிறிஸ்டி ஊருக்குத் தெக்க மழை கம்மி, உப்பு ஏறி ஏறி புல்லே தாங்காது, நம்ம உமரி மாதிரி சதைப்பத்துள்ள செடிதான் நிக்கும்.

மரம் வந்தா நல்லதுதானேன்னு நெறைய பேரு நினைக்கிறாங்க, எனக்கு அவ்ளோ சந்தோசமில்ல. டெக்சாஸ் கரையில இருக்குற அரான்சாஸ் சரணாலயத்துல குளிர்காலம் கழிக்க வர்ற வூப்பிங் கொக்குக்கு நாலு பக்கமும் பார்வை தெரியிற திறந்த புல்வெளி வேணும், அங்கதான் நண்டு பிடிக்கும், புதர் அடைச்சா அதுக்குக் கஷ்டம். அடுத்த வாட்டி போனா அந்தப் புதரோட அடியப் பாருங்க, காஞ்ச குச்சிங்களுக்கு நடுவுல புதுத் தளிர் இருந்தா பனியில பட்டு மீண்டதா இருக்கலாம், ஒரு போட்டோ அனுப்புங்க.