படத்தில் சரி, விடையில் தவறு: சிலாஜிசம் கேள்வி–பதில்

கேள்வி: தேர்வில் வரும் சிலாஜிசம் கணக்குகளுக்கு, அதாவது கொடுத்த கூற்றுகளிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறதா என்று கேட்பவற்றுக்கு, வட்டம் போட்டுத்தான் விடை காண்கிறேன். படத்தில் முடிவு பளிச்சென்று தெரிகிறது. விடைப்பகுதியோ ‘பொருந்தாது’ என்கிறது. எங்கே பிசகுகிறது?

பதில்: வட்டம் போடுவதில் பிழையில்லை. ஒரே படத்தோடு நின்றுவிடுவதுதான் பிழை. இதைப் பாருங்கள்: எல்லாப் பேனாக்களும் குச்சிகள், சில குச்சிகள் பென்சில்கள். முடிவு: சில பேனாக்கள் பென்சில்கள்.

குச்சிக்குப் பெரிய வட்டம், அதற்குள் பேனா. அடுத்துப் பென்சில் வட்டத்தைப் போடும்போது கை தானாகவே பேனாவையும் தொட்டுவிடும். கூற்று கேட்டதோ குச்சியைத் தொடுவதை மட்டும். பேனாவை விட்டு விலகி, குச்சி வட்டத்தின் மறு ஓரத்தை மட்டும் வெட்டும்படி பென்சிலைப் போடுங்கள். இரண்டு கூற்றுகளும் அப்படியே நிற்கின்றன, முடிவு விழுந்துவிடுகிறது. ஆகவே பொருந்தாது. எப்போதும் முடிவை உடைக்கும் படத்தையே தேடி வரையுங்கள். எப்படி வரைந்தாலும் உடையவில்லை என்றால்தான் அது பொருந்தும்.

படமில்லாமலும் பார்க்கலாம். இரண்டு கூற்றிலும் வரும் பொதுச்சொல், இங்கே குச்சி, ஒரு கூற்றிலாவது முழுமையாக, அதாவது அதில் அடங்கும் எல்லாவற்றையும் பற்றி, பேசப்பட வேண்டும். ‘எல்லா’ ஒட்டி நிற்கும் சொல் முழுமை. ‘எந்த அ-வும் ஆ இல்லை’ என்றால் இரண்டுமே முழுமை. ‘சில அ, ஆ’ என்றால் இரண்டுமே முழுமையில்லை. ‘சில அ, ஆ அல்ல’ என்பதில் ஆ மட்டும் முழுமை. குச்சி முதல் கூற்றில் பின்னால் நிற்கிறது, இரண்டாவதில் ‘சில’வோடு நிற்கிறது, இரண்டிலும் முழுமையில்லை. அதனால் பேனாவுக்கும் பென்சிலுக்கும் உறுதியான தொடர்பு எதுவும் கிடைக்காது. இந்தச் சோதனையில் தேறினாலே முடிவு சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தேறாவிட்டால் நேரத்தை வீணாக்காமல் நகரலாம்.

கேள்வி: ‘இரண்டில் ஒன்று பொருந்தும்’ என்ற விடையை எப்போது தேர்ந்தெடுப்பது?

பதில்: அதே பேனா, பென்சில் கூற்றுகளை வைத்துக்கொள்வோம். முடிவு 1: சில பேனாக்கள் பென்சில்கள். முடிவு 2: எந்தப் பேனாவும் பென்சில் அல்ல. தனித்தனியே பார்த்தால் இரண்டையும் உடைக்கலாம். ஆனால் ஒன்று பொய்யானால் மற்றது மெய்யாகியே தீர வேண்டும். அப்போதுதான் இந்த விடை. ‘எல்லா’, ‘சில... அல்ல’ என்பதும் இதே போன்ற ஜோடி. முதல் ஜோடியில் சொற்கள் இடம் மாறி வந்தாலும் பாதகமில்லை. இரண்டாவது ஜோடியில் வரிசை மாறவே கூடாது. ‘எல்லா’வையும் ‘எந்த... இல்லை’யையும் ஜோடி சேர்த்து ஏமாறுபவர்கள் ஏராளம். சிலது ஆகும், சிலது ஆகாது என்ற மூன்றாவது நிலை அங்கே இருக்கிறது.

முடிவில் ‘இருக்கலாம்’ என்று வந்தால் சோதனை தலைகீழ். கூற்றுகளை மீறாத ஒரு படம் கிடைத்தாலே போதும். ‘எல்லாப் பேனாக்களும் பென்சில்களாக இருக்கலாம்’ என்பது மேலே உள்ள கூற்றுகளுக்குத் தாராளமாகப் பொருந்தும்.

கேள்வி: ‘மட்டுமே’ வந்தால் குழம்புகிறேன்.

பதில்: அது நிற்கும் இடம் முக்கியம். ‘குச்சிகள் மட்டுமே பேனாக்கள்’ என்றால் எல்லாப் பேனாக்களும் குச்சிகள் என்று திருப்பி எழுதிக்கொள்ளுங்கள். ‘சில பேனாக்கள் மட்டுமே பென்சில்கள்’ என்றால் அதில் இரண்டு கூற்றுகள் அடங்கியிருக்கின்றன: சில பேனாக்கள் பென்சில்கள், சில பேனாக்கள் பென்சில்கள் அல்ல. ஆகவே ‘எல்லாப் பேனாக்களும் பென்சில்களாக இருக்கலாம்’ என்பது இங்கே பொருந்தாது. ‘எல்லாப் பென்சில்களும் பேனாக்களாக இருக்கலாம்’ என்பதற்குத் தடையில்லை.

கேள்வி: ‘எல்லா’ என்ற கூற்றிலிருந்து ‘சில’ என்று முடிவு சொல்லலாமா?

பதில்: தேர்வில் சொல்லலாம். ‘சில’ என்றால் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். பேனா என்று ஒன்றாவது இருக்கிறது என்று கொள்வது மரபான தர்க்கத்தின் வழக்கம், தேர்வுகளும் அதையே பின்பற்றுகின்றன. நவீன தர்க்கத்தில் உறுப்பே இல்லாத வெற்றுக் கணத்துக்கும் ‘எல்லா’ பொருந்தும் என்பதால் அங்கே இந்த முடிவு செல்லாது.