அப்பா பட்டாளத்தில் இருந்ததே இல்லையாம்!

(முன்னாள் படைவீரர் பக்கம். பதில் சொல்பவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தார் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். அதில் பெரும்பகுதி, வீரர்களின் பணிப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீஸில்.)

கேள்வி: என் அப்பா போன வருடம் 76 வயதில் இறந்தார். 1971 பாகிஸ்தான் யுத்தத்தில் டாக்கா வரை போனவர் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார். கூடத்தில் யூனிஃபார்ம் போட்ட படம் இருக்கிறது. ஏழு வருஷத்தில் திரும்பிவிட்டதால் பென்ஷன் கிடையாது என்பார். பென்ஷன் இல்லாத படைவீரரின் மனைவிக்கும் ஏதோ உதவித்தொகை உண்டென்று கேள்விப்பட்டு அம்மா மனு கொடுத்தார். டிஸ்சார்ஜ் புக் கேட்டார்கள். வீடு முழுக்கத் தேடியும் இல்லை. அப்புறம்தான் பெரியப்பா வாயைத் திறந்தார். அப்பாவை ஆள் எடுப்பில் முழங்கால் தட்டுகிறது என்று கழித்துவிட்டார்களாம். ஊருக்குத் திரும்பாமல் செகந்திராபாத் கண்டோன்மென்ட்டில் ஒரு மெஸ்ஸில் வேலைக்கு நின்றுவிட்டாராம். இப்போது அந்தப் படத்தைப் பார்க்கவே முடியவில்லை. அப்பா ஏமாற்றுக்காரரா? படத்தின் நகலை அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு மகள், குடியாத்தம்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தொப்பியில் ரெஜிமென்ட் முத்திரை இல்லை. தோளில் பெயர்ப் பட்டை இல்லை. இடது மார்பில் ஒரு பதக்க ரிப்பன்கூட இல்லை. 71 யுத்தத்தில் பணியாற்றியவர்களுக்குச் சங்க்ராம் மெடல் கிடைத்தது. கிழக்கு முனையில் நின்றவர்களுக்கு அதோடு பூர்வி ஸ்டார். 1972 ஆகஸ்ட் 15 அன்று சேவையில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழா மெடல் தனி. டாக்கா போய்வந்த சிப்பாய் ஒருவர் படம் எடுக்க உட்கார்ந்தால் அந்த ரிப்பன்கள் இல்லாமல் உட்கார மாட்டார். ஆகவே பெரியப்பா சொன்னது உண்மை என்றுதான் எனக்கும் படுகிறது.

ஆனால் அதே படத்தில் இன்னொன்றும் தெரிகிறது. உங்கள் அப்பா நினைத்திருந்தால் கடைவீதியில் ரிப்பன் வாங்கிக் குத்தியிருக்கலாம். குத்தவில்லை. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வேலை கேட்டாரா, கடன் வாங்கினாரா, யாரிடமாவது பணம் பெற்றாரா என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அதன் பிறகு ஐம்பது வருடம் உயிரோடு இருந்து, ஒரு மனுகூடப் போடாதவர் அவர்.

பிறகு ஏன் அப்படிச் சொன்னார் என்று உங்களுக்குத் தோன்றும். நம் வேலூர்ப் பக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறோம். வீட்டுக்கொருவர் பட்டாளம் போன ஊர்கள் இங்கே எத்தனையோ. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பையன் ஆள் எடுப்புக்குக் கிளம்பினால் தனியாகக் கிளம்ப மாட்டான். அத்தை திருநீறு வைப்பாள், கூட்டாளிகள் பஸ் ஸ்டாண்ட் வரை வருவார்கள். மைதானத்தில் ஓட்டம் ஜெயித்து, மார்பளவு சரியாக இருந்து, கடைசியில் டாக்டர் இரண்டு முழங்காலையும் பார்த்துவிட்டு ‘அன்ஃபிட்’ என்று ஒரு வார்த்தை எழுதுவார். அதற்கு அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தைத் தூக்கிக்கொண்டு அதே பஸ் ஸ்டாண்டில் போய் இறங்க 19 வயதுப் பையனுக்கு முடியவில்லை. ஆள் எடுப்பு மைதானத்துக்கு நான் டியூட்டி போயிருக்கிறேன். கழிக்கப்பட்ட பையன்கள் சுவர் ஓரமாக நின்று அழுவதைப் பார்த்தவன். அதில் எத்தனை பேர் நேராக வீட்டுக்குப் போனார்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

முதல் பொய்யை அவர் சொல்லியிருக்கவே மாட்டார் என்பது என் எண்ணம். ‘செகந்திராபாத் கண்டோன்மென்ட்டில் இருக்கிறேன்’ என்று கடுதாசி போட்டிருப்பார். அது உண்மை. மீதியை ஊரே சொல்லிக்கொண்டது. அவர் மறுக்கவில்லை. மறுக்காமல் விட்ட ஒரு வருடம் போனால், மறுப்பதற்கான வழியும் அடைபட்டுப்போகிறது. அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், பிள்ளைகள் கேட்ட கதை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே அந்த வாசலில் நின்றிருக்கிறேன். ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு பள்ளிக்கூடத்துக் குடியரசு தின விழாவில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, ‘கார்கிலில் எதிரிகளை விரட்டிய வீரர்’ என்று அறிமுகப்படுத்தினார். 1999இல் நான் வெலிங்டனில் மேஜை முன்னால் உட்கார்ந்து பார்ட்-டூ ஆர்டர் (வீரர்களின் பணி விவரங்களைப் பதியும் உத்தரவு) தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதைச் சொல்ல எழுந்தேன். நானூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் சொல்லவில்லை. ஒரு சிறுமி நோட்டில் கையெழுத்து கேட்டாள், போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மறு வருடம் நானாகவே அந்தப் பள்ளிக்குப் போய், காலைப் பிரார்த்தனையில் உண்மையைச் சொன்னேன். அந்தச் சிறுமி அதற்குள் வேறு பள்ளிக்கு மாறிவிட்டிருந்தாள். மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்தது இதனால்தான். ஒரு வருடத்தில் எனக்குத் திரும்ப வழி கிடைத்தது. உங்கள் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

அவர் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். டாக்கா போய்த் திரும்பாதவர்களின் பெயர் எங்கள் ரெக்கார்டில் இருக்கிறது. அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் தன்னைச் சேர்த்துக்கொண்டது தவறு. ஆனால் நீங்கள் கேட்ட ஏமாற்றுக்காரர் என்ற வார்த்தையை அவர்மீது வைக்க எனக்கு மனமில்லை.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். அம்மா கொடுத்த மனுவை, ‘கணவர் படையில் பணியாற்றவில்லை என இப்போது தெரிந்தது’ என்று ஒரு வரி எழுதித் திரும்பப் பெறுங்கள். தாமதிக்காதீர்கள். படம் கூடத்தில் இருக்கட்டுமா என்பதை அம்மா முடிவு செய்யட்டும்.

கேள்வி: தங்கைக்கு வந்திருக்கும் வரன் ராணுவத்தில் மேஜராம். அடையாள அட்டை படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எந்த இடத்தில் பயிற்சி என்றால், ‘ரகசியம், சொல்லக் கூடாது’ என்கிறார்.
– ஒரு அண்ணன், திருநெல்வேலி

பதில்: பயிற்சி பெற்ற இடத்தில் ரகசியம் எதுவும் இல்லை தம்பி. டேராடூன் அகாடமியா, நம் பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமியா என்று எந்த அதிகாரியும் சொல்வார். எத்தனையாவது கோர்ஸ் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பாதீர்கள். யூனிட்டுக்கு நேரில் வந்து பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். உண்மையான மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள மாட்டார், எந்த நாள் வசதி என்றுதான் கேட்பார். ஏமாற்றும் எண்ணத்தோடு சிப்பாயின் உடையைப் போடுவது பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதை வைத்துப் பணமோ நகையோ வாங்கியிருந்தால் மோசடி வழக்கு தனியாக வரும்.

கேள்வி: படிக்காதவர்கள்தான் இப்படிப் பட்டாளத்தில் இருந்ததாகப் பொய் சொல்லிக்கொள்வார்களா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: இல்லை. ஜோசப் எல்லிஸ் அமெரிக்காவில் புலிட்சர் பரிசு வாங்கிய வரலாற்றுப் பேராசிரியர். வியட்நாம் போரில் இருந்ததாக வகுப்பிலேயே சொல்லிவந்தார். 2001இல் ஒரு பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது, ஒரு வருடம் சம்பளமில்லாமல் அவருடைய கல்லூரி விலக்கிவைத்தது.

எனக்கு அதிகம் வலித்தது டக்ளஸ் ஸ்ட்ரிங்ஃபெல்லோ கதை. இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸில் கண்ணிவெடியில் உண்மையாகவே படுகாயம் அடைந்தவர். அது போதவில்லை அவருக்கு. ஜெர்மனிக்குள் ரகசியமாகப் புகுந்து ஒட்டோ ஹான் என்ற அணு விஞ்ஞானியைக் கடத்திவந்ததாக மேடைக்கு மேடை சொன்னார். யூட்டா மாநிலத்திலிருந்து 1952இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். 1954இல் தொலைக்காட்சியில் தோன்றி எல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டார். உடம்பில் உண்மையான காயம் இருந்தும், அதைச் சொன்னால் யார் கேட்பார்கள் என்று பயந்த மனிதர்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதும் யோசிக்க வேண்டியது. கலிபோர்னியாவில் ஒரு தண்ணீர் வாரிய உறுப்பினர், சேவியர் அல்வாரெஸ், 2007இல் கூட்டத்தில் எழுந்து தனக்கு மிக உயர்ந்த வீரப்பதக்கம் கிடைத்ததாகச் சொன்னார். படையிலேயே இருந்ததில்லை. பதக்கம் பெற்றதாகப் பொய் சொல்வதையே குற்றமாக்கும் சட்டம் ஒன்று அங்கே இருந்தது, அதன்கீழ் அவர்மீது வழக்கு வந்தது. வெறும் பொய்யைத் தண்டிக்கும் அந்தச் சட்டம் பேச்சுரிமைக்கு விரோதம் என்று 2012இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு வந்த புதுச் சட்டம், பதக்கம் பெற்றதாகப் பொய் சொல்லிப் பணமோ வேறு லாபமோ அடைய முயன்றால்தான் குற்றம் என்கிறது. குடியாத்தம் சகோதரிக்கு நான் எழுதிய பதிலும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் நிற்கிறது.

கேள்வி: இணையத்தில் பைக் விற்கும் ராணுவ வீரர், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது என்று பாதி விலைக்குத் தருகிறார். கேன்டீன் கார்டு படமும் அனுப்பினார். வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: நான் ஆர்மி சர்வீஸ் கோரில் (படைக்குச் சாமான் கொண்டுசேர்க்கும் பிரிவு) டிரைவராக இருந்தவன், ஜோஜிலா கணவாய் வழியாக லடாக்குக்கு வண்டி ஓட்டியவன். ‘தாத்தா, எத்தனை பேரைச் சுட்டே?’ என்று பேரன் கேட்கிறான். ஒருவரையும் சுட்டதில்லை என்றால் அவன் முகம் வாடிவிடுகிறது. ஏதாவது சொல்லிவைக்கலாமா?
– ஓய்வு பெற்ற நாயக், அரக்கோணம்

பதில்: நாயக் சாப், வேண்டாம். நீங்கள் சொல்கிற எண் அவன் பள்ளிக்கூடம் வரை போகும். உங்களிடம் உண்மையான கதை இருக்கிறது. ஜோஜிலா சுமார் 11,500 அடி உயரம் என்று சொல்லுங்கள். முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு மட்டும் தெரிகிற பனியில், டயருக்குச் சங்கிலி கட்டக் கீழே இறங்கியபோது விரல் எப்படி மரத்துப்போனது என்று சொல்லுங்கள். நீங்கள் ஏற்றிப்போன அரிசியும் மண்ணெண்ணெயும் மேலே எத்தனை பேருக்குக் குளிர்காலம் முழுக்கப் போதுமானதாக இருந்தது என்று சொல்லுங்கள். சங்கிலி கட்டுவதை அவன் சைக்கிளிலேயே செய்து காட்டலாம்.